வேலை போனதால் குடியா, குடியால் வேலை போனதா?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தென்னாப்பிரிக்காவின் புள்ளியியல் துறை வேலையின்மைக் கணக்கை வெளியிடுகிறது. 2025 முதல் காலாண்டில் அது 32.9 சதவீதம். எண் வெளிவந்த அன்றே டர்பன் பக்கம், இந்திய வம்சாவளியினரான நாம் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும், ஒரு பழைய வாக்குவாதம் திரும்பவும் கிளம்பும். ஒருவர் சொல்வார், "வேலை இல்லை, அதான் பையன்கள் பாட்டில் ஸ்டோர் வாசலில் நிற்கிறார்கள்." இன்னொருவர் விடமாட்டார், "குடிக்கிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?"

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒருவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதோடு கதை முடிவதில்லை. அந்த வேலை எத்தனை மணி நேரம், பகலா இரவா, கூலி எப்போது கைக்கு வருகிறது, அடுத்த மாதமும் வேலை இருக்குமா என்று இந்த நாலும் சேர்ந்துதான் குடியின் அளவையும் குடிக்கும் நாளையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் எண்கள் எதை எண்ணுகின்றன

1. அதிகாரபூர்வ வேலையின்மை: 15 முதல் 64 வயதுக்குள் இருந்து, கணக்கெடுத்த வாரத்தில் வேலை செய்யாமல், அதற்கு முந்தைய நாலு வாரத்தில் வேலை தேடியும் இருந்து, கிடைத்தால் போகத் தயாராகவும் இருப்பவர்கள். வேலையில் இருப்பவர்களையும் இவர்களையும் சேர்த்த தொகையில் இவர்களின் பங்குதான் 32.9.

2. விரிந்த கணக்கு: தேடித் தேடி அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டவர்களையும் சேர்த்தது. அதே காலாண்டில் இது 43.1 சதவீதம்.

3. வேலையில் இருப்பவர்: அந்த வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், இந்தப் பட்டியலில் வந்துவிடுவார்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டில் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பவரும், துறைமுகத்தில் வாரத்துக்கு ஐம்பத்தைந்து மணி நேரம் உழைப்பவரும் இந்தக் கணக்கில் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள். 2025இல் ஒரு பெரிய வங்கியின் தலைவர், முறைசாரா வேலைகளைச் சரியாக எண்ணினால் உண்மையான வேலையின்மை பத்து சதவீதம்தான் இருக்கும் என்று சொல்ல, முறைசாரா வேலைகளை ஏற்கெனவே எண்ணித்தான் வருகிறோம் என்று புள்ளியியல் துறை பதில் சொன்னது. அந்தச் சண்டையில் எல்லோரும் சதவீதத்தையே பிடித்துக்கொண்டார்கள், அந்த வேலைகள் எப்படிப்பட்டவை என்று கேட்டவர்கள் குறைவு. குடியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விதான் முக்கியம்.

சரி, குடிப் பக்கம் உள்ள சொற்கள்.

4. ஒரே அமர்வில் மிகையாகக் குடிப்பது: உலக சுகாதார நிறுவனத்தின் அளவில், ஒரு தடவை உட்கார்ந்தால் 60 கிராம் அல்லது அதற்கு மேல் சுத்த ஆல்கஹால். நம் ஊர் அளவில் சொன்னால், 750 மில்லி பெரிய பீர் பாட்டில் இரண்டு. ஐந்து சதவீத பீர் என்றால் ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும்.

5. ஆபத்தான குடி: இதை அளக்க 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித்தாளை உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. மொத்தம் 40 மதிப்பெண். எட்டு வந்தாலே எச்சரிக்கை.

6. சார்புநிலை: குடிக்காவிட்டால் கை நடுங்குவது, வியர்ப்பது, தூக்கம் வராதது. இந்தக் கட்டத்தில் உடம்பே அதைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது, மனஉறுதி மட்டும் போதாது.

குடிப்பவர் குறைவு, குடிக்கும் அளவு பயங்கரம்

தென்னாப்பிரிக்கா குடிகார நாடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. 2016ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் அந்த வருடம் குடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைக்கு வருடத்துக்கு 9.3 லிட்டர் சுத்த ஆல்கஹால் என்று வருகிறது, ஆனால் குடிக்காதவர்களைக் கழித்துவிட்டுக் குடிப்பவர்களுக்குள் மட்டும் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 30 லிட்டர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மேலே சொன்ன 60 கிராம் கணக்கில் குடிப்பவர்கள்.

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் பழக்கத்தை இந்த எண்கள் காட்டவில்லை. சில நாள் ஒன்றுமில்லை, பிறகு ஒரு வெள்ளி இரவு, ஒரு சனிக்கிழமை, ஒரு மாதக் கடைசி, அதில் எல்லாம் கொட்டித் தீர்கிறது. குடி வாரக் காலண்டரைப் பின்பற்றுகிறது. அந்தக் காலண்டரை எழுதுவது கூலிநாள்.

கூலியோடு குடியைக் கட்டிய வரலாறு

இங்கே வேலையும் குடியும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. திட்டமிட்டே கோத்துவிட்டார்கள்.

வெஸ்டர்ன் கேப் திராட்சைத் தோட்டங்களில் 'டொப்' என்று ஒரு முறை இருந்தது. கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுப்பார்கள், அதுவும் நாளில் பல தடவை, காலையிலிருந்தே. தொழிலாளி வேறு எங்கும் போகாமல் அங்கேயே கட்டுண்டு கிடப்பார். 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை பல தோட்டங்களில் அது நடந்தது. தாய் கர்ப்ப காலத்தில் குடித்ததால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தப் பகுதி இன்றும் இருக்கிறது. கூலி முறை போய்விட்டது, அது போட்ட வடு மூன்று தலைமுறை தாண்டியும் ஆறவில்லை.

ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் 1890களில் வேறு கணக்கு. சம்பளத்தைக் குடித்துத் தீர்த்த தொழிலாளி ஊருக்குத் திரும்ப முடியாமல் ஒப்பந்தத்தை நீட்டிப்பான் என்பதால் முதலில் முதலாளிகளுக்கு அது வசதியாகவே இருந்தது. ஆழமான சுரங்கம் வந்து, தினமும் நிதானமாக வேலைக்கு வரும் ஆள் தேவைப்பட்டபோது, அதே முதலாளிகள் கறுப்பினத் தொழிலாளிகளுக்கு முழு மதுவிலக்கு கேட்டார்கள், கிடைத்தது.

டர்பனுடைய பங்கு இன்னும் மோசம் என்பேன். 1908இல் நேட்டாலில் வந்த சட்டத்தை வைத்து, ஆப்பிரிக்கர்களுக்குச் சோள பீர் விற்கும் உரிமையை நகராட்சி தனக்கே எடுத்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சி விற்ற பெண்களின் பிழைப்பு போனது. பீர்க் கூடத்தில் வந்த லாபத்தை வைத்து அதே தொழிலாளிகளை அடைத்துவைக்கும் விடுதிகளையும் அவர்களைக் கண்காணிக்கும் நிர்வாகத்தையும் நடத்தினார்கள். இதற்கு 'டர்பன் முறை' என்றே பெயர் வந்து, மற்ற நகரங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டன. 1959இல் கேட்டோ மேனரில் பெண்கள் திரண்டு பீர்க் கூடங்களுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள் என்றால், ஆண்களின் வாரக் கூலி வீடு வந்து சேராத கோபம் அதில் இருந்தது.

நம் முன்னோர்கள் வந்த கரும்புத் தோட்டங்கள் இந்தச் சங்கிலிக்கு வெளியே இருக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. முதல் வருடக் கூலி மாதத்துக்குப் பத்து ஷில்லிங். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவு, குடும்பம் இல்லாத தனிக்கட்டைகள் நிறைய, விடிவதற்கு முன் தொடங்கும் வேலை, சுற்றிலும் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து சாராயம் எளிதாகக் கிடைக்கும் ஊர். இதில் குடி பெருகியதற்கு ரத்தத்தில் காரணம் தேட வேண்டியதே இல்லை.

பொருளாதாரம் சரிந்தால் குடி கூடுமா, குறையுமா?

இங்கேதான் வாசகர்கள் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஆய்வுகள் முதல் பார்வைக்கு ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் ரூம் 1990களில் காட்டியது, மந்தநிலை வந்தால் மொத்தக் குடி குறைகிறது, சாலைச் சாவுகளும் குறைகின்றன. காரணம் எளிது, கையில் காசில்லை. அதன் பிறகு 2001இல் தாமஸ் டீ என்பவர் அதே நாட்டுத் தரவை வேறு விதமாகப் பார்த்தார். வேலையின்மை உயரும்போது ஒரே அமர்வில் மிகையாகக் குடிப்பது கூடுகிறது, அதுவும் வேலை போகாதவர்களிடமும் கூடுகிறது என்று வந்தது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மிதமாகக் குடிக்கும் பலர் செலவைக் குறைக்கிறார்கள், அதனால் மொத்த லிட்டர் இறங்குகிறது. அதே சமயம் பயத்தில் இருக்கும் சிலர், குடிக்கிற அந்த ஒரு நாளில் அளவு மீறிக் குடிக்கிறார்கள். கடை விற்பனையைப் பார்த்து "குடி குறைந்துவிட்டது" என்று சொல்வது இதனால்தான் ஏமாற்றும். டீயின் முடிவில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டாம் பாதி. பக்கத்து மேசைக்காரருக்கு வேலை போனதைப் பார்த்துக்கொண்டு வேலையில் நீடிப்பவரும் பாதிக்கப்படுகிறார், ஆனால் அவர் எந்த வேலையின்மைக் கணக்கிலும் வரமாட்டார்.

வேலையின் வடிவம் குடியை எப்படி வடிக்கிறது

1. நீண்ட மணி நேரம். 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மரியான்னா விர்ட்டானென் குழு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 14 நாடுகள், 3,33,000க்கும் மேற்பட்ட ஆட்கள். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்கள் ஆபத்தான அளவு குடிக்கத் தொடங்கும் வாய்ப்பு, வழக்கமான நேரம் உழைப்பவர்களைவிட ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் "உழைக்கிறவன் கெட மாட்டான்" என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்த நம்பிக்கைக்கு இது நேர் எதிராக இருக்கிறது. மேலதிகாரி, தொழிலாளி என்ற வித்தியாசம் இல்லாமல் இந்தப் போக்கு தெரிந்தது.

2. இரவு ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு வீடு வந்து, தெரு முழுக்கச் சத்தம் இருக்கும்போது தூங்க வேண்டும். இரண்டு பெக் போட்டால் தூக்கம் சட்டென்று வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆல்கஹால் உடம்பில் கரையக் கரையத் தூக்கத்தின் பிற்பகுதி உடைந்துவிடும், மூன்று நாலு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். மறுநாள் களைப்பு கூடும். சில வாரத்தில் இரண்டு பெக் போதாது, மூன்று தேவைப்படும். இவர் ஊர் பார்க்க ஆடிப் பாடிக் குடிப்பவர் இல்லை, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவதற்காகக் குடிப்பவர். அதனால் மனைவிக்கும் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம்.

3. பீஸ் ஜாப். இது நம் ஊர்களில் மிகப் பரவலானது, இதைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலை, கூலி அன்று மாலையே ரொக்கமாக, நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. மாதச் சம்பளக்காரருக்கு வாடகை, மின்சாரம், பள்ளிக் கட்டணம் என்று பணம் கைக்கு வருமுன்பே பங்கு பிரிந்துவிடும். நாள்கூலிக்காரரின் பணத்துக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. அது எந்தப் பெரிய கடனையும் அடைக்கப் போதாது, ஒரு பாட்டிலுக்கு மட்டும் சரியாகப் போதும். அதோடு வேலை எங்கே கிடைக்கும் என்ற தகவலும் பெரும்பாலும் ஷெபீன் என்ற உள்ளூர்க் குடிக்கடையில்தான் கிடைக்கிறது. யாருக்குப் பெயின்டர் வேண்டும், யார் லாரிக்கு ஆள் தேடுகிறார், எல்லாம் அங்கே பேச்சு. குடிக்காதவர் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் "குடியை விடு, வேலை தானாக வரும்" என்ற அறிவுரை அவர் காதில் வேறு மாதிரி விழுகிறது. அங்கே போகாவிட்டால் வேலையே வராது என்று அவருக்கு அனுபவம்.

4. பருவ வேலை. நேட்டால் கரையோரக் கரும்பு அரவை ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடியும். அந்த ஒன்பது மாதம் வெட்டு, லாரி, ஆலை என்று மூச்சுவிட நேரமில்லை. அப்புறம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வெறுமை. டிசம்பர் கடைசியில் கணக்கு முடித்த காசும் பண்டிகையும் ஒன்றாக வருகின்றன, உடனே பின்னால் பள்ளிச் செலவும் வேலையில்லா மாதங்களும் வருகின்றன. டொங்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றைம்பது வருடப் பழக்கம், ஜனங்கள் அதைத் தாங்கக் கற்றிருந்தார்கள். 2022 அக்டோபரில் டொங்காட் ஹ்யூலெட் நிறுவனம் கடனில் மூழ்கிப் 'பிசினஸ் ரெஸ்க்யூ' என்ற சட்டப் பாதுகாப்புக்குள் போனபோது, "ஏப்ரலில் ஆலை திறக்கும்" என்ற ஒரே நிச்சயமும் ஆட்டம் கண்டது. காத்திருப்பதற்கு ஒரு தேதி இருப்பதும் இல்லாமல் போவதும் மனதுக்கு ஒன்றல்ல.

5. ஷார்ட் டைம். டர்பனின் தையல் ஆலைகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆர்டர் குறைந்தால் ஐந்து நாள் வேலை மூன்று நாளாகும். ஆள் வேலையில்தான் இருக்கிறார், சம்பளம்தான் குறைந்துவிடும். 1990களின் நடுவில் இறக்குமதி வரிகள் குறைந்து வெளிநாட்டுத் துணி கொட்டத் தொடங்கிய பின் பல்லாயிரம் வேலைகள் இப்படித்தான் போயின. முதலில் ஷார்ட் டைம், பிறகு 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்ற ஆட்குறைப்புக் கடிதம். அந்த ஆலைகளில் நம் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். பல வீடுகளில் நிலையான சம்பளம் அவர்களுடையதுதான், கணவரின் வேலை வரும் போகும். அவள் சம்பளம் நின்றபோது வீட்டின் மொத்த வாரமும் நிலைகுலைந்தது. குடித்தது அவர் என்றாலும், நின்றுபோனது அவளுடைய வேலை என்பதைக் கணக்கு காட்டாது.

வேலை போனபின் நடப்பது

வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற சிற்றூரில் 1930களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு. அங்கிருந்த ஒரே ஜவுளி ஆலை மூடியபின், ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. படிக்க நேரம் அதிகம் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆய்வில் இருந்த மரீ யஹோடா பிற்பாடு இதைக் கோட்பாடாக விரித்தார். வேலை ஒரு மனிதனுக்கு நாளைப் பிரித்துத் தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது, தன்னைவிடப் பெரிய ஒன்றில் பங்கு தருகிறது, மதிப்பைத் தருகிறது, கட்டாயமாக எழுந்து இயங்க வைக்கிறது. சம்பளம் தவிர இந்த ஐந்தும் ஒரே நாளில் போகின்றன.

குடி இந்த ஐந்தில் சிலவற்றைப் போலியாகத் திருப்பித் தருகிறது. மாலைக்கு ஒரு இடம், நாலு பேர், ஒரு வேடிக்கை. வேலை போன எல்லோரும் இதில் விழுவதில்லை, பெரும்பாலோர் விழுவதில்லை. 1990 முதல் 2010 வரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் படித்த டீட்டர் ஹென்கல், இரண்டு திசையிலும் சாலை ஓடுகிறது என்று முடிவுக்கு வந்தார். வேலையில்லாதவர்களிடம் ஆபத்தான குடி அதிகம். ஏற்கெனவே அதிகம் குடித்தவர்களுக்கு வேலை போகும் வாய்ப்பும் அதிகம், திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. சிகிச்சை முடிந்து வெளியே வந்தவருக்கு வேலை இல்லாவிட்டால் மறுபடி குடிக்குத் திரும்பும் ஆபத்து கூடுகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை நம் குடும்பங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று வாரம் மறுவாழ்வு இல்லத்தில் இருந்து தெளிந்து வந்த மகனை, காலை ஒன்பது மணிக்கு எங்கும் போக வேண்டாத அதே அறையில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி குடித்தால் "இவன் திருந்த மாட்டான்" என்கிறோம். சம்பளம் இல்லாவிட்டாலும் சரி, கோயில் சமையல், மாமாவின் கடை, பக்கத்துத் தோட்டம் என்று நேரம் குறித்துப் போக ஓர் இடம் அவனுக்கு மருந்துக்குச் சமம்.

இளைஞர்கள் நிலை இன்னும் கடினம். 15 முதல் 24 வயதுக்குள் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தால், அதில் 60 சதவீதத்துக்கும் மேல் வேலையில்லாதவர்கள். இவர்களுக்குப் போவதற்கு வேலையே வந்ததில்லை. இந்திய வம்சாவளியினரிடம் வேலையின்மை தேசிய சராசரியைவிடக் குறைவு என்பது உண்மை, ஆனால் அந்தச் சராசரி வசதியானவர்களின் உம்லாங்கா அடுக்குமாடியையும் சாட்ஸ்வர்த் வாடகைக் குடியிருப்பையும் கலந்து செய்தது.

அரசு உதவிப் பணத்தைக் குறை சொல்வது

மாதம் 370 ரேண்ட் உதவித்தொகை எல்லாம் குடிக்குத்தான் போகிறது என்று அடிக்கடி கேட்கிறோம். 2014இல் உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸும் ஆன்னா போபோவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்ததால் குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாக வரவில்லை. 370 ரேண்டில் ஒரு மாதம் எதைக் குடிக்க முடியும் என்று யோசித்தாலே புரியும்.

ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்கு ஏன் அடி அதிகம்

2015இல் தென்னாப்பிரிக்காவில் சுமார் 62,300 பேர் குடி தொடர்பான காரணங்களால் இறந்ததாக ஓர் ஆய்வு கணித்தது, அதில் பெரும்பங்கு கீழ்த்தட்டு மக்கள். வசதியானவரும் குடிக்கிறார், ஊபர் பிடித்து வீடு வருகிறார், நல்ல சாப்பாடு, மருத்துவக் காப்பீடு. நாள்கூலிக்காரர் இரவில் நெடுஞ்சாலை ஓரம் நடந்து வருகிறார், வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார், காசநோய் பரவும் நெரிசலான வீட்டில் தூங்குகிறார். குடி உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவதையும் கெடுக்கும். காசநோய்க்கும் எச்ஐவிக்கும் இந்த இரண்டுமே விஷம்.

2020 மார்ச் 27 அன்று ஊரடங்கோடு மது விற்பனையை முழுக்க நிறுத்தியபோது அவசரப் பிரிவுகள் காலியானதையும், ஜூன் 1 அன்று திறந்ததும் அடிபட்டவர்கள் மறுபடி வந்து குவிந்ததையும் நாடே பார்த்தது. ஊரடங்கால் நடமாட்டமே இல்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் ஜூலையிலும் டிசம்பர் கடைசியிலும் திரும்பத் தடை போட்டபோதும் மருத்துவமனைகள் அதே மாற்றத்தைச் சொன்னன. மறுபக்கம், அன்னாசிப்பழம் வாங்கி வீட்டிலேயே ஊறவைத்துக் காய்ச்சினார்கள், கள்ளச் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்தார்கள், மது வியாபாரத்தை நம்பிய பலரின் வேலையும் போனது. கதவை மூடினால் காயம் குறைகிறது. உடம்பு பழகியவரின் தேவை மூடுவதில்லை.

புரட்டாசி காட்டும் அடையாளம்

நம் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறியும் குடியும் இல்லை. காவடிக்குப் பத்து நாள் விரதம். இதைக் குடிப்பழக்கத்தின் பரிசோதனையாகப் பார்க்கலாம். புரட்டாசி வந்ததும் பிரச்சினையில்லாமல் நிறுத்திவிட்டு, மாதம் முடிந்த மறுநாளே விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிறவருக்கு உடம்பளவில் சார்புநிலை இன்னும் இல்லை, ஆனால் மிகைக்குடிப் பழக்கம் இருக்கிறது. நிறுத்திய முதல் நாளே கை நடுங்கி, வியர்த்து, தூக்கமில்லாமல் தவிப்பவருக்குச் சார்புநிலை வந்துவிட்டது.

இரண்டாமவரை விரதத்தின் பேரில் வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தச் செய்வது உயிருக்கே ஆபத்து. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இல்லாததைப் பார்த்துப் பயப்படுவது, காய்ச்சல், குழப்பம் என்று முற்றலாம். "சாமி வந்திருக்கிறது" என்றோ "பேய் பிடித்திருக்கிறது" என்றோ நினைத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தோடு படிப்படியாக நிறுத்தினால் இது தவிர்க்கக்கூடியது.

திங்கட்கிழமை ஆலை வாசலில் நடக்கும் கணக்கு

துறைமுகம், லாரி, இரும்பு ஆலை எல்லாவற்றிலும் காலையில் மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கக் கருவியில் ஊதச் சொல்கிறார்கள். "நேற்று இரவே நிறுத்திவிட்டேன், எப்படிக் காட்டும்?" என்று கேட்பவர்களுக்காக: கேன் ஸ்பிரிட் என்ற கரும்புச் சாராயம் 750 மில்லி, 43 சதவீதம் என்றால் சுமார் 254 கிராம் ஆல்கஹால். பாதி பாட்டில் 127 கிராம். உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ஞாயிறு இரவு பத்து மணிக்குள் பாதி பாட்டில் குடித்தவருக்கு அது முழுதும் தீர மறுநாள் மதியத்துக்கு மேல் ஆகும். தலைக்குக் குளித்தாலும் காப்பி குடித்தாலும் அந்த வேகம் மாறாது. தொழில்முறை ஓட்டுநர்களுக்குச் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.02 கிராம், மற்றவர்களுக்கு 0.05.

இனி சட்டம். குடிபோதையில் இருப்பதாகத் தோன்றும் ஒருவரை வேலையிடத்தில் அனுமதிக்கக் கூடாது என்று பாதுகாப்பு விதி முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் வெளியே நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் 1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பணிநீக்க நடைமுறைக் கோவை இரண்டு விஷயங்களைப் பிரித்தது. விடுமுறையில் அளவு மீறிக் குடித்துவிட்டுப் போதையோடு வேலைக்கு வந்தது ஒழுங்கீனம். சார்புநிலை என்பது நோயால் வரும் இயலாமை, அதற்கு ஆலோசனையும் மறுவாழ்வுச் சிகிச்சையும் தருவதை முதலாளி யோசிக்க வேண்டும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது, பிடிபடுவதற்கு முன்பே சொல்லி உதவி கேட்டோமா என்பதைப் பெரிதும் பொறுத்தது. பிடிபட்டபின் சொல்வதற்கு மதிப்பு குறைவு. உதவிக்கு, 1956இலிருந்து இயங்கும் 'சான்கா' அமைப்பின் மையங்கள் இருக்கின்றன, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இருக்கின்றன, அவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

வெட்கத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசாரணைக்கு முந்தைய நாள், "நீயே ராஜினாமா கொடுத்துவிடு, பேர் கெடாமல் இருக்கும்" என்று யாராவது சொல்ல, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்பிலிருந்து பணம் பொதுவாகக் கிடைக்காது, பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குக் கிடைக்கும். பங்களித்த காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் வரை அது வரலாம். நீக்கம் நியாயமில்லை என்று நினைத்தால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. எனவே அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்.